போர்ட்டோவில் நான் நடந்த ஒரு லட்சம் அடி

நடப்பதில்லை என்பது என் கொள்கை. சிலருக்குக் கொல்லாமை, சிலருக்குக் கள்ளாமை, எனக்கு நடவாமை. பொய் சொல்லாமை மட்டும் என் பட்டியலில் கிடையாது. அது ஏன் என்று போகப் போகத் தெரியும்.

கலிஃபோர்னியாவில் நாங்கள் இருக்கும் பிளசன்டனில் இந்தக் கொள்கையோடு வாழ்வது சுலபம். தபால் பெட்டி தெருமுனையில் இருக்கிறது, காரில் போவேன். ஜிம்மில் மெம்பர்ஷிப் இருக்கிறது, அதற்கும் காரில் போவேன். வாசலை ஒட்டிப் பார்க்கிங் கிடைக்கவில்லை என்றால் திரும்பி வந்துவிடுவேன். கோபிச்செட்டிபாளையத்தில் பிறந்தும் பழனி மலைக்கு ஒரு தடவைகூடப் படியேறியதில்லை. விஞ்ச்சில்தான் போயிருக்கிறேன். முருகன் இதுவரை கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கோபித்துக்கொண்டது ஹம்சா. என் மனைவி.

விஷயம் இதுதான். ஊரில் எங்கள் பக்கத்து ஆட்கள் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போவார்கள். அமெரிக்கா வந்தும் அந்தக் கால்கள் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஆட்கள் அறுபது குடும்பம் சேர்ந்துகொண்டு, வருஷா வருஷம் பிளசன்டனிலிருந்து லிவர்மோர் கோயிலுக்கு நடக்கிறார்கள். காரில் இருபது நிமிஷம், காலில் ஐந்து மணி நேரம். காரில் போனால் மிச்ச நேரமெல்லாம் சாமி கும்பிடலாமே என்று நான் கேட்டால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் நஞ்சப்பன் அண்ணன். ஏழடிப் பித்தளை வேலைத் தூக்கிக்கொண்டு முன்னால் அவர்தான் நடப்பார். பின்னால் வருகிறவர்கள் கால் வலித்தால் கூடவே ஊர்ந்து வரும் வேனில் ஏறிக்கொள்ளலாம். வேல் தூக்குகிறவர் மட்டும் ஏறக் கூடாது, நடுவில் உட்காரவும் கூடாது. இரண்டு மாதத்துக்கு முன்பே எல்லாருக்கும் ஒரு மெஷின் கொடுத்துவிடுவார். சட்டைப் பட்டன் மாதிரி இருக்கும். இடுப்பில் குத்திக்கொண்டால் எத்தனை அடி நடந்தோம் என்று காட்டும். நான்கு வருஷமாக நான்கு மெஷின் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். முதல் வருஷம் எனக்கு வலது முட்டி வலி. அடுத்த வருஷம் இடது. மூன்றாம் வருஷம் இரண்டும். போன வருஷம் மறுபடி வலது.

"ஏனுங்க, இந்த வருஷம் எந்த முட்டிங்க?" என்றாள் ஹம்சா, அக்டோபரிலேயே.

"இன்னும் முடிவு பண்ணலை அம்மிணி."

"அண்ணனுக்குத் தோள்ல சர்ஜரி ஆயிருக்கு. இந்த வருஷம் வேல் யார் தூக்கறதுன்னு பேசிட்டு இருக்காங்க."

"நல்ல ஆளாப் பாத்துக் குடுக்கச் சொல்லு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் பார்வையை டீவிக்கு மாற்றினேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆகப்போகிறது. அதைக் கொண்டாட தேங்க்ஸ்கிவிங் லீவில் போர்ச்சுகலில் போர்ட்டோ என்ற ஊருக்குப் போவதாக முடிவு செய்திருந்தோம். முடிவு அவளுடையது. எனக்குச் சம்மதம், ஏனென்றால் அந்த ஊரில் தெருவுக்கு நாலு கேக் கடை என்று இன்டர்நெட்டில் படித்திருந்தேன். நம் வீட்டு நிலவரம் அப்படி. டாக்டர் 'பார்டர்லைன் ஷுகர்' என்று ஒரு வார்த்தை சொன்னாலும் சொன்னார், அன்றிலிருந்து இரண்டு வருஷமாக என் காபிக்குச் சர்க்கரை கிடையாது. தீபாவளிக்கு அதிரசத்தை எனக்குக் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

பயணத்துக்கு முதல் நாள் பெட்டி கட்டும்போது பேச்சுவார்த்தை நடந்தது.

"அங்க போய் ரூம்லயே உக்காந்துக்கறேன்னு சொன்னீங்க, ப்ளைட்ட கேன்சல் பண்ணிருவேன்."

"அதெப்படி? நடப்பேன்."

"எவ்வளவு?"

"நீ சொல்லு."

"தினமும் பத்தாயிரம் அடி. அஞ்சு நாளும். நடந்தீங்கன்னா அங்க என்ன வேணா தின்னுக்கோங்க, கேக்கவே மாட்டேன்."

"தைப்பூசம்?"

"அதுக்கும் கூப்பிட மாட்டேன். இந்த வருஷம் மட்டுமில்ல, இனி எப்பவுமே என் வாயால கூப்பிட மாட்டேன். ஆனா ஒரு நாள் குறைஞ்சாலும் முட்டி கிட்டின்னு பேசாம நடக்கணும்."

"முருகன் மேல சத்தியமா?"

"முருகன் மேல சத்தியமா."

அலமாரியிலிருந்து ஒரு மெஷினை எடுத்து அவளே என் இடுப்பில் குத்திவிட்டாள். ஆயுசு பூரா விடுதலை, அதுவும் அஞ்சே நாள் நடையில். இதைவிட மலிவாக யாருக்குக் கிடைக்கும் என்று நினைத்தேன்.

போர்ட்டோவில் இறங்கியபோது மழை பெய்துகொண்டிருந்தது. கலிஃபோர்னியாவில் மழை என்றால் வரும், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விடும். இது குடியிருக்க வந்த மழை. ஹம்சா மஞ்சள் நிறத்தில் முழங்கால் வரை ஒரு மழைக்கோட்டு வாங்கி வந்திருந்தாள். இரண்டு பக்கமும் ஆழமான பாக்கெட். அதை மாட்டிக்கொண்டு சின்னப் பெண் மாதிரி குஷியாக முன்னால் போனாள். நான் குடையோடு பின்னால் போனேன். காற்று குடையைப் பிடுங்கி நாலாவது நிமிஷமே திருப்பி மடக்கியது.

அந்த ஊர் முழுக்க மேடு. ஏறினால் சர்ச், இறங்கினால் ஆறு, நடுவில் வழுக்கும் கல் பாவிய சந்து. முதலில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனோம். சுவர் பூராவும் நீல நிற ஓடுகளில் சண்டையும் ராஜாக்களும் குதிரைகளும்.

"எவ்வளவு அழகுங்க."

"நம்ம கெஸ்ட் பாத்ரூம்ல இதே நீலம்தான்."

"அதுல ராஜா இருக்காரா?"

"நான் போறேனே."

அவள் சிரித்துவிட்டாள். நான் ஜோக் அடித்தால் அவள் சிரித்து வெகு நாளாயிருந்தது. அந்த உற்சாகத்தில் இன்னொரு மேடு ஏறினேன். அது தப்பு. ஏறி முடித்ததும் மூச்சு எனக்கு முன்னால் ஹோட்டலுக்குத் திரும்பியிருந்தது. மெஷினைப் பார்த்தேன். 2,314.

மழைக்கு ஒதுங்குகிற சாக்கில் ஒரு கடைக்குள் நுழைந்தோம். உள்ளே வெண்ணெயும் பட்டையும் கலந்த மணம். கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக முட்டை டார்ட். உள்ளங்கை அளவு, மேலே கருகின புள்ளிகள், சுற்றி நொறுங்குகிற மாவு. கடைக்கார அம்மாள் சூடாக ஒன்றை எடுத்துப் பட்டைத் தூள் தூவி நீட்டினாள்.

"பத்தாயிரம் ஆச்சுங்களா?" என்றாள் ஹம்சா.

"ஆகப் போகுது."

"ஆனப்பறம்."

நீட்டின டார்ட்டை அவள் வாங்கித் தின்றாள். கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். பிறகு மழைக்கோட்டைக் கழற்றி என் பக்கத்து நாற்காலியில் போட்டுவிட்டுக் கைகழுவப் போனாள்.

கோட்டு என்னைப் பார்த்தது. ஆழமான பாக்கெட் வாயைத் திறந்துகொண்டிருந்தது. என் இடுப்பில் மெஷின் இருந்தது. மூளை என்பது ஆபத்துக் காலத்தில்தான் வேலை செய்கிறது.

அவள் திரும்பி வந்ததும் சொன்னேன். "அம்மிணி, என் வேகத்துக்கு நீ வந்தா ஒண்ணும் பாக்க முடியாது. நீ கோபுரம், மியூசியம் எல்லாம் பாரு. நான் ஆத்தோரமா மெதுவா நடக்கறேன். சாயங்காலம் இங்கயே வந்துரு."

"தனியாவா நடப்பீங்க?"

"உனக்காக."

ஒரு தடவை என் முட்டியைப் பார்த்தாள். "சரிங்க" என்று கோட்டை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கினாள். என் இடுப்பு மெஷினும் அவளோடு போயிற்று.

நான் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஐரோப்பா நனைந்துகொண்டிருந்தது. உள்ளே நான் டார்ட் தின்றுகொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, சர்க்கரை போட்ட காபி, மூன்று. இரண்டு வருஷ வனவாசம் முடிந்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் சொட்டச் சொட்ட வந்தாள். மெஷினைத் திருப்பி எடுக்க வேண்டுமே. ஓடிப்போய் அவள் தோளிலிருந்து கோட்டை மெல்லக் கழற்றி, உதறி, மடித்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தேன். பக்கத்து மேஜைக் கிழவி தன் புருஷனை முழங்கையால் இடித்து என்னைக் காட்டினாள். அந்த ஊரில் எனக்கு நல்ல பெயர் வந்துவிட்டது.

"எவ்வளவுங்க?" என்றாள் ஹம்சா.

இடுப்பிலிருந்து எடுக்கிற மாதிரி எடுத்துக் காட்டினேன். 14,212.

"அடேங்கப்பா. மழையிலயா?"

"கால் இருக்கறது எதுக்கு?"

"பிடிங்க அப்படியே. ஞாபகத்துக்கு ஒரு போட்டோ." கட்டை விரலைத் தூக்கி, மெஷினைக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரிய நின்றேன்.

இரண்டாம் நாள் 19,860. அன்றைக்கு அவள் இருநூற்றுச் சொச்சம் படி உள்ள கோபுரத்தில் ஏறியிருந்தாள். நான் வேறொரு கடையில் பாதாம் கேக்கும், ஆரஞ்சு கேக்கும், பெயர் தெரியாத ஒன்றும் சாப்பிட்டிருந்தேன். அன்றும் கோட்டைக் கழற்றினேன். அன்றும் போட்டோ.

"முட்டி எப்படிங்க இருக்கு?"

"நடக்க நடக்க சரியாகுது அம்மிணி."

"அப்படியா. நல்லதுங்க."

மூன்றாம் நாள்தான் ஒரு கோளாறு நடந்தது. மத்தியானம் நாலாவது டார்ட் வாய்க்குள் போகிறபோது அது இனிக்கவில்லை. கடையில் எல்லாரும் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒற்றை ஆளாகக் கப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்தாவது வருஷத்தைக் கொண்டாட வந்துவிட்டு இது என்ன உட்காரல் என்று தோன்றியது. எனக்கே என் மேல் எரிச்சலாக வந்தது. பாதி டார்ட்டை வைத்துவிட்டு எழுந்தேன். நான் எதையும் பாதியில் வைத்ததாகச் சரித்திரம் கிடையாது.

ஆற்றங்கரைக்கு இறங்கினேன். மஞ்சள் கோட்டு தூரத்திலேயே தெரிந்தது. ஒரு கிழவர் வண்டியில் கரி மூட்டிச் செஸ்ட்நட் என்கிற கொட்டையை வறுத்துக்கொண்டிருந்தார். மழையில் புகை எழும்ப வழியில்லாமல் தரையோடு பரவியது. ஹம்சா அவருக்கு எப்படி உப்புத் தண்ணீர் தெளித்து வறுக்க வேண்டும் என்று கையாலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் ஒத்துக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் இருபத்தைந்து வருஷமாக ஆட்டுகிற அதே ஆட்டு.

"நீங்க எங்கிருந்து வர்றீங்க?" என்றாள்.

"நடந்துட்டே வந்தேன். உன்னைப் பாக்கணும்னு தோணுச்சு."

இதில் முன்பாதி பொய். பின்பாதி பொய்யில்லை. அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. காகிதப் பொட்டலத்திலிருந்து ஒரு சூடான செஸ்ட்நட்டை உரித்து என் வாயில் போட்டாள். பனங்கிழங்கு ருசி.

அன்றைக்குச் சேர்ந்து நடந்தோம். உயரத்தில் ஓர் இரும்புப் பாலம், அதன்மேல் அந்தக் கரைக்குப் போனோம். கீழே ஆறு சேற்று நிறத்தில் ஓடியது. நனைந்தபடியே ஒரு சின்னக் கடையில் கீரை சூப் குடித்தோம், சோள ரொட்டியைத் தொட்டுக்கொண்டு. மீன் வறுவல் வந்தது. ஹம்சா கைப்பையிலிருந்து பருப்புப் பொடி டப்பாவை எடுத்து மேஜைக்கு அடியில் திறந்து அதன்மேல் தூவினாள். வெளியே வந்ததும் என் குடை பறந்து ஆற்றில் விழுந்தது. அதைப் பார்த்து இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். திரும்பும்போது சின்ன ரயில் பெட்டி ஒன்று மலையில் கயிறு கட்டி ஏறிக்கொண்டிருந்தது.

"விஞ்ச்சு" என்றேன் ஆசையாக.

"வேணாங்க. படியிலயே போலாம்."

போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். எத்தனை படி என்று எனக்கு நினைவில்லை. முட்டி வலிக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அஞ்சு நாளில் நான் தின்றதிலேயே ருசியானது அந்தச் சூப்பும், வாயில் அவள் போட்ட அந்த ஒரு செஸ்ட்நட்டும்தான்.

மனுஷனுக்கு நல்ல புத்தி வந்தால் நிற்கிறதா? மறுநாள் காலையில் இன்னும் பலத்த மழை. நான் மறுபடி மெஷினைக் கோட்டுப் பாக்கெட்டில் போட்டேன். நாலாம் நாள் 26,412. அஞ்சாம் நாள் இருபத்தோராயிரத்துச் சொச்சம். மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. கடைசி நாள் போட்டோவில் நான் ஒரு காலைத் தூக்கிக்கூட நின்றேன்.

"ஜெயிச்சுட்டீங்க" என்றாள் ஹம்சா ஏர்போர்ட்டில். "சொன்ன சொல் சொன்னதுதான். தைப்பூசத்துக்கு நான் கூப்பிட மாட்டேன்."

ப்ளைட்டில் நிம்மதியாகத் தூங்கினேன்.

பிளசன்டன் திரும்பி மூன்றாம் நாள், சனிக்கிழமை. சோபாவில் சாய்ந்து, சுதந்திர மனிதனாகக் காபி குடித்துக்கொண்டிருந்தேன். காலேஜ் ஹாஸ்டலிலிருந்து மகள் பிரீத்தி போன் செய்தாள்.

"டாட், ஒன் லாக் ஸ்டெப்ஸா? ஐ ஆம் சோ ப்ரௌட் ஆஃப் யூ."

"உனக்கு யாரும்மா சொன்னது?"

"எவ்ரிபடி நோஸ், டாட். இட்ஸ் இன் த க்ரூப்."

எந்த க்ரூப் என்று கேட்பதற்குள் வாசல் மணி அடித்தது. திறந்தால் நஞ்சப்பன் அண்ணன். ஒரு தோளில் கட்டு. இன்னொரு கையில் ஏழடி வேல்.

"மாப்ளே" என்று தழுதழுத்தார். "உங்களை நான் என்னமோ நினைச்சுட்டு இருந்தனுங்க. மன்னிச்சுருங்க."

"எதுக்குங்கண்ணா?"

போனைக் காட்டினார். அறுபது குடும்பம் இருக்கிற பாதயாத்திரை வாட்ஸ்அப் க்ரூப். அதில் ஐந்து போட்டோ. ஐந்திலும் நான். ஐந்திலும் கட்டை விரல். கீழே ஹம்சா எழுதியிருந்தாள்: 'முட்டி வலி பூரணமாகக் குணம். கொட்டுகிற மழையில், மலை ஊரில், அஞ்சு நாளில் ஒரு லட்சத்து நாலாயிரம் அடி. எல்லாம் முருகன் அருள்.' அதற்கடியில் நூற்றுப் பத்துக் கைகூப்பு.

"நான் தூக்க முடியாம யாருகிட்ட குடுக்கறதுன்னு நேத்து வரைக்கும் முழிச்சுட்டு இருந்தனுங்க. முருகனே போர்ட்டோவுல ஆளைத் தயார் பண்ணி அனுப்பிட்டானுங்க." வேலை என் கையில் வைத்தார். மற்ற எந்தப் பொருளையும் வேண்டாம் என்று திருப்பித் தரலாம். வேலைத் தர முடியாது.

அவர் போனதும் ஹம்சாவைத் தேடிச் சமையலறைக்குப் போனேன். வேலோடு போனதால் கதவில் இடித்தது.

"கூப்பிட மாட்டேன்னு சத்தியம் பண்ணினே."

"பண்ணினனுங்க."

"இப்ப?"

"நான் கூப்பிட்டனா? அண்ணன்தானுங்க கூப்பிட்டாரு."

"அந்த மெஷின்ல இருந்தது..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன். சொன்னால் தோற்றேன், சொல்லாவிட்டால் நடந்தேன். ஒப்பந்தப்படி, சொன்னாலும் நடக்க வேண்டும்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே. "இருபத்தஞ்சு வருஷத்துல என்னைக்காவது என் கோட்டைக் கழட்டி விட்டிருக்கீங்களா?"

கையில் இருந்த வேலைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

"முதல் நாளே தெரிஞ்சுபோச்சுங்க. நல்லா இருந்துச்சு, அதனால சொல்லலை. அதுவும் மூணாவது நாள் நீங்களே தேடிட்டு வந்தீங்க பாருங்க, அன்னிக்கு உங்க முட்டி என்ன பண்ணுச்சுன்னும் பாத்தேன்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு முதல் பயிற்சி நடை. பிளசன்டனுக்கு அதிசயமாக மழை. பார்க்கில் முப்பது பேர் கூடியிருந்தார்கள். நஞ்சப்பன் அண்ணன் என் இடுப்பில் புது மெஷினைக் குத்தினார். "மாப்ளைக்கு மட்டும் தினமும் இருபதாயிரம். மத்தவங்களுக்குப் பத்து போதும்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

வேலைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். எனக்குப் பக்கத்தில் மஞ்சள் கோட்டு, குஷியாக. யாரும் பார்க்காத ஒரு திருப்பத்தில் மெல்ல மெஷினைக் கழற்றி, அந்த ஆழமான பாக்கெட்டுக்குள் கையை விட்டேன். கை போகவில்லை. விரலால் தடவிப் பார்த்தேன்.

"ரெண்டு பக்கமும் தைச்சாச்சுங்க" என்றாள் ஹம்சா, திரும்பிப் பார்க்காமல். "நடங்க."